லைனரை வெளியிலிருந்து துளைக்கும் தண்ணீர்

நாமக்கல் பக்கம் பட்டறைக்கு வரும் லாரிகளில் என்ஜினைப் பிரித்ததும் நான் முதலில் பார்ப்பது லைனரின், அதாவது பிஸ்டன் உள்ளே ஏறி இறங்கும் இரும்புக் குழாயின், வெளிப்பக்கத்தை. உள்பக்கத் தேய்மானத்தை எல்லோருமே கேஜ் வைத்து அளப்பார்கள். தண்ணீர் படும் வெளிப்பக்கத்தில், மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் குண்டூசியால் குத்தியதுபோல் குழிகள் தெரிந்தால், பெரும்பாலும் அந்த வண்டியின் ரேடியேட்டரில் வெறும் போர் தண்ணீர்தான் ஓடியிருக்கும்.

துருதான் அரித்துவிட்டது என்பார்கள். துருவும் சேரும்தான், ஆனால் தொடக்கம் வேறு. டீசல் எரியும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் லைனரின் ஒரு பக்கத்தில் மோதுகிறது. லைனர் அதிர்ந்து உள்வாங்கும்போது வெளிச்சுவரை ஒட்டிப் பொடிப்பொடியாக ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. அது திரும்பி வரும்போது அவை உடைந்து இரும்பைக் கொத்துகின்றன. 1,500 ஆர்பிஎம்மில் ஓடும் என்ஜினில் ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 750 முறை அடி விழுகிறது. ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் திரவத்தில் இருக்கும் மருந்து லைனர் மேல் படலமாகப் படிந்து அந்தக் கொத்தலைத் தாங்கிக்கொள்ளும். "நம்ம ஊர்ல பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்கும் ஓனர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

குழி ஆழமாகி லைனர் ஓட்டையானால் தண்ணீர் உள்ளே இறங்கி ஆயிலில் கலந்துவிடும். வெளியே எங்கும் ஒழுகாமல் ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா? ஆயில் அளவு ஏறி, நிறம் வெளுத்திருக்கிறதா? ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் என்ஜின் அடியில் ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினால் சாவியைத் தொடவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயிலை மட்டும் மாற்றிக்கொண்டு "இந்த ஒரு லோடு இறக்கிட்டு வந்துடறேன்" என்று கிளம்பி, பேரிங் போய், கிராங்க் செலவையும் சேர்த்துச் சுமந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கம்பெனி கையேட்டில் சொன்ன கூலன்டையே ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், ஒரே நிறத்தில் வேறு வேறு வகைகள் உண்டு. தண்ணீர் கலப்பதென்றால் டிஸ்டில்டு வாட்டர். வழியில் குறைந்ததற்கெல்லாம் ஹோட்டல் குழாயில் பிடித்து ஊற்றிக்கொண்டே இருந்தால் மருந்து நீர்த்துப்போகும், உப்பும் படியும்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. அது அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் குமிழி குறையும். ரப்பர் வெடித்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.