டிக்கியாவா, என்கோலிரியமா? பூந்தண்டின் அடியைப் பாருங்கள்

பிரேசிலின் வடகிழக்கில் மொட்டைப் பாறைக் குன்றுகளில் வளரும் டிக்கியா, என்கோலிரியம் என்ற இந்தச் செடிகளைப் படத்தில் பார்த்தால் கற்றாழை என்றே தோன்றும். வாள் போன்ற இலை, ஓரமெல்லாம் முள். உண்மையில் இவை அன்னாசிக் குடும்பம். இலையின் அடிப்பக்கத்தை 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் நரம்புகளுக்கு இடையே வெண்செதிள்கள் தெரியும். சோற்றுக் கற்றாழையிலும் ரயில் கற்றாழையிலும் அவை இல்லை.

அடுத்து, அந்தக் குடும்பத்துக்குள் எந்தப் பேரினம் என்பது. அங்கே டிக்கியா, என்கோலிரியம் என்ற இரு பேரினங்களுமே பாறையில் வளரும். பூக்காதபோது நிபுணரும் தடுமாறுவார். இலை நிறத்தை நம்பவே கூடாது. வெயிலில் வெளுத்துக் குறுகியிருக்கும் செடி, நிழலில் வைத்தால் பச்சையாகி நீண்டுவிடும்.

நம்ப வேண்டியது பூந்தண்டு. என்கோலிரியத்தில் இலைக்கொத்தின் நடுக் குருத்தே பூந்தண்டாக மாறிவிடுகிறது. குருத்து தீர்ந்தபின் அந்தக் கொத்தில் புது இலை வராது, பக்கக்கன்றுகள்தான் தொடரும். டிக்கியாவில் தண்டு இலைக்கக்கத்திலிருந்து, அதாவது இலையின் அடி இடுக்கிலிருந்து, பக்கவாட்டில் கிளம்புகிறது. குருத்து உயிரோடிருப்பதால் அதே கொத்து அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பூக்கும். புதிய இலைகள் நடுவில் பிறக்கப் பிறக்க, பழைய தண்டு வெளிப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போகும். நடுவுக்கு அருகே பச்சைத் தண்டு, கீழ் இலைகளுக்கு இடையே காய்ந்த தண்டு என்று ஒரே கொத்தில் இரண்டும் இருந்தால், அந்தச் செடி தன் பூப்பு வரலாற்றையே நம் முன் விரித்து வைத்திருக்கிறது. இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியாது.

தவறு நேர்வதும் இங்கேதான். கன்றுகள் நெருக்கி வளர்ந்தால், செத்த கொத்தின் நடுத்தண்டு பக்கத்துக் கன்றிலிருந்து வந்ததுபோலத் தெரியும். தடித்த கையுறை போட்டு இலைகளை விலக்கி, தண்டு சேரும் இடம்வரை பாருங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு பூவை நீளவாக்கில் பிளேடால் பிளக்கலாம். டிக்கியாவில் இதழ்களின் அடியும் மகரந்தத் தாள்களும் ஒட்டியிருக்கும். நிறம் பெரும்பாலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. என்கோலிரியத்தில் இதழ்கள் தனித்தனி. அதில் என்கோலிரியம் ஸ்பெக்டாபிலே வெளிர்பச்சையாகப் பூத்து வௌவால்களை அழைக்கிறது.

செடியைப் பிடுங்க வேண்டாம். தெற்கு பிரேசிலில் ஆற்றுப் பாறைகளில் வாழ்ந்த டிக்கியா டிஸ்டாக்யாவின் இடங்களை அணை நீர்த்தேக்கங்கள் மூழ்கடித்தன. எந்தச் செடி எங்கே வளர்கிறது என்று பதியும் களக்கணக்கெடுப்புக்கு நிதி ஒதுக்காமல் அணைக்கு மட்டும் ஒதுக்குவது பெரும் பிழை.

உலர்த்திப் பாதுகாக்கும் மாதிரிக்கு ஒரு இலை, பூந்தண்டின் ஒரு பகுதி போதும். சதைப்பற்றான இலையைச் செய்தித்தாள்களுக்கு இடையே அப்படியே அழுத்தினால் பூஞ்சை பிடிக்கும். நீளமாகப் பிளந்து உள்சதையை வழித்தெடுத்து, செய்தித்தாளைத் தினமும் மாற்றுங்கள். பூவின் நிறத்தை அன்றே எழுதிவிடுங்கள். காய்ந்தபின் அது தங்காது.