ராயல்டி: உரிமத்தொகையா, உரிமைப்பங்கா?

நிலத்தடியிலிருந்து பொன்னோ செம்போ எண்ணெயோ எடுக்கும் நிறுவனம், எடுத்த அளவுக்கோ அதன் விலைமதிப்புக்கோ ஏற்ப அந்தக் கனிமத்தின் உரிமையாளருக்குச் செலுத்தும் தொகையே ராயல்டி. பெரும்பாலான நாடுகளில் அந்த உரிமையாளர் அரசுதான். இலாபத்தைப் பார்த்து விதிக்கப்படுவதன்று என்பதால், நட்டமடைந்த ஆண்டிலும் பொதுவாக இதைச் செலுத்தியே ஆக வேண்டும்.

அரசனைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், முதலில் அரச நிலையையும், பின்னர் அரசனுக்கே உரிய சிறப்புரிமைகளையும் குறித்தது. பொன், வெள்ளிச் சுரங்கங்கள் எவர் நிலத்தில் இருந்தாலும் முடிக்கே உரியவை என்று இங்கிலாந்தில் 1568-இல் தீர்ப்பானது. அந்த உரிமையைப் பிறர் பயன்படுத்த விடுவதற்கு ஈடாகப் பெற்ற தொகைக்கும் காலப்போக்கில் அப்பெயரே நிலைத்தது. எழுத்தாளர் பெறும் ராயல்டி அதற்கும் பிந்தியது. நிலத்துள் கிடப்பது வேந்தனுக்கு உரியது என்ற கருத்து நமக்குப் புதிதன்று. வேந்தனுக்குரிய பொருள்களைச் சொல்லும் குறளில் (756) வரும் 'உறுபொருள்' என்பதற்கு, உடையவர் இல்லாமையால் தானே வந்தடைந்த பொருள் என்றும், நெடுங்காலம் நிலத்தில் கிடந்து பின் கண்டெடுக்கப்பட்டதும் அதில் அடங்கும் என்றும் பரிமேலழகர் உரை காண்கிறார். சுங்கமாகிய உல்குபொருளை அக்குறள் தனியே நிறுத்துவது கருதத்தக்கது.

வரிக்கும் உரிமையாளரின் பங்குக்கும் உள்ள இந்த வேறுபாட்டில் நம் நீதிமன்றங்கள் நெடுங்காலம் தடுமாறின. தமிழ்நாட்டு அரசுக்கும் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு ராயல்டி ஒரு வரியே என்றது. 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை மாற்றி, ராயல்டி வரியன்று, குத்தகைதாரர் உரிமையாளருக்குத் தரும் ஒப்பந்த ஈடு என்று தீர்த்தது.

ராயல்டிக்கு இப்போது வழங்கும் 'உரிமத்தொகை' என்ற தமிழ்ச்சொல் எனக்கு நிறைவளிக்கவில்லை. உரிமம் என்றால் லைசென்ஸ். ஒரு முறை கட்டிவிட்டு வேண்டியமட்டும் தோண்டலாம் என்ற எண்ணத்தை அது தருகிறது. பழைய நிலவுடைமைச் சொல்லாகிய 'மேல்வாரம்' விளைச்சலில் பங்கு என்ற அளவில் நெருங்கி வந்தாலும், வயல் மறுபடி விளையும், சுரங்கம் விளையாது. ஆகவே 'கனிம உரிமைப்பங்கு' என்பதே பொருந்தும்.

பெங்களூரில் வாழும் தமிழர்களுக்கு இதன் எடையை உணரக் கோலார் தங்கவயல் போதும். 1880 முதல் பிரிட்டிஷ் நிறுவனங்கள் அங்கே பொன் எடுக்க, வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சென்றவர்கள் ஆழத்தில் இறங்கி உழைத்தார்கள். மைசூர் அரசு ராயல்டி பெற்றது. சிவனசமுத்திரத்து மின்சாரம் 1902-இல் முதலில் சென்றதும் அச்சுரங்கங்களுக்கே. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின் எஞ்சியவை, காற்றடித்தால் வீட்டு முற்றம்வரை தூசி வரும், பொன் பிரித்தபின் குவிந்த சயனைடுக் கழிவு மேடுகளும், விடியலில் பெங்களூருக்கு வேலை தேடி வரும் கூட்டத்தைச் சுமக்கும் ரயில்களும்தாம். ராயல்டியைக் கணக்கிட்டு அதற்குமேல் ஒரு விகிதத்தைச் சுரங்க மாவட்டத்தின் அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும் என்ற சட்டம் 2015-இல்தான் வந்தது. தங்கவயலுக்கு அது காலங்கடந்த சட்டம்.

ஏழை நாடுகள் இன்று இதே இடத்தில் நிற்கின்றன. காங்கோ மக்களாட்சிக் குடியரசு, மின்கல உற்பத்திக்குத் தேவையான கோபால்ட்டின் ராயல்டியை 2018-இல் 10 விழுக்காடாக உயர்த்தியது. அந்த ஆண்டுச் சட்டத்தின்படி ராயல்டியில் பாதி நடுவண் அரசுக்கும், 25 விழுக்காடு மாகாணத்துக்கும், 15 விழுக்காடு சுரங்கம் அமைந்த ஊராட்சிப் பகுதிக்கும், 10 விழுக்காடு வருங்காலத் தலைமுறைக்கான நிதிக்கும் சேர வேண்டும். கிழக்குத் திமோர் 2005-இல் எண்ணெய் நிதியம் அமைத்து, மொத்த எண்ணெய்ச் செல்வத்தில் ஆண்டுக்கு 3 விழுக்காடே செலவுக்கு எடுக்கத்தக்க நிலைத்த வருமானம் என வரையறுத்தது. ஆயினும் அரசுகள் பலமுறை அதைத் தாண்டி எடுத்திருக்கின்றன. இவ்வளவுக்கும் முன்னே, தாது வெளியேறும் வாயிலில் அதன் எடையையும் தரத்தையும் நிறுவனத்தின் சொல்லை மட்டும் நம்பாமல் சோதித்தறியும் அரசு ஆய்வகமும் அலுவலரும் இருந்தாக வேண்டும். அங்கே எடை குறைத்து எழுதப்பட்டால் உரிமைப்பங்கு கணக்கேட்டுக்கு வரும் முன்பே குறைந்துவிடுகிறது.