அதிகாலை நாலரைக்கு ஃப்ளைட், வண்டி எத்தனை மணிக்கு?

வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் திருநெல்வேலி வீடுகளில் ஒரு விவாதம் தவறாமல் நடக்கும். அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, மார்க்கரில் பெயர் எழுதி முடித்ததும் ஆரம்பிக்கும். திருவனந்தபுரத்தில் அதிகாலை நாலரைக்கு ஃப்ளைட். "எட்டு மணிக்கே கிளம்பிருவோம்" என்பார் மாமா. "பதினொண்ணுக்குப் போனா போதும் மாமா, அங்க போய் என்ன செய்ய?" என்பான் போகிற பையன். இருவரும் சொல்வது ஊகம்தான். ஆனால் இதற்கு நூறு வருஷத்துக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அக்னர் எர்லாங் என்ற டென்மார்க் கணிதவியலாளர், 1909-இல் எழுதிய கட்டுரையில் அதைத் தொடங்கி வைத்தார். அழைப்புகள் எப்போது வரும் என்று தெரியாது, இணைப்புகளோ கொஞ்சம்தான். எத்தனை பேர் காத்திருக்க நேரும்? விமான நிலையக் கவுன்டரிலும் இதே கேள்விதான்.

ஒரு கவுன்டர், ஒருவருக்குச் சராசரி ஒரு நிமிடம் என்று வைப்போம். மணிக்கு 48 பேர் முன்பின்னாக வந்தால் வரிசையில் சராசரியாக 4 நிமிடம் நிற்க வேண்டும். 54 பேர் வந்தால் 9 நிமிடம். 57 பேர் வந்தால் 19 நிமிடம்! ஒன்பதே பேர்தான் கூடினார்கள், காத்திருப்போ ஐந்து மடங்கை நெருங்கிவிட்டது. காரணம் எளிது. ஆள் வராமல் கவுன்டர் சும்மா இருந்த நிமிடத்தைச் சேமித்து வைத்து, அடுத்து கூட்டம் வரும்போது செலவழிக்க முடியாது. போனது போனதுதான். கூட்டம் நிரம்ப நிரம்ப, தேங்கிய வரிசை கரைவதற்கு இடைவெளியே கிடைப்பதில்லை.

எல்லாருக்கும் ஒரே நிமிடமும் ஆகாது. ஒருமுறை எனக்கு முன்னால் நின்றவரின் பெட்டி தராசில் இரண்டு கிலோ கூடுதல் காட்டியது. தரையில் வைத்துக் கயிற்றைப் பல்லால் அவிழ்த்தார். உடன்குடிக் கருப்பட்டி ஒரு பொதி, அல்வா நாலு பாக்கெட், வீட்டில் இடித்த மிளகாய்த்தூள். எதை எடுப்பது என்று அவருக்கு மனசே வரவில்லை. கடைசியில் கருப்பட்டியைக் கைப்பைக்கு மாற்றினார். பன்னிரண்டு நிமிடம். பின்னால் நின்ற எல்லாரின் நேரத்திலும் அது ஏறிவிட்டது.

சரி, இப்போது சாலை. நெல்லையிலிருந்து நாகர்கோவில் வரை நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு, ஆரல்வாய்மொழி என்று வண்டி ஓரளவு சீராகப் போகும். அப்புறம் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று ஊர் மேல் ஊர். எங்களுக்கு வாடகைக் கார் ஓட்டும் அண்ணாச்சி சொல்வார்: "நாரோயில் வரைக்கும் நேரத்த நான் சொல்லுதேன் தம்பி. அதுக்கு அங்கிட்டு ரோடுதான் சொல்லணும்." இதைவிடத் தெளிவாகப் புள்ளியியல் பாடம் யாரும் எனக்கு நடத்தியதில்லை. சராசரி வேறு, நேரம் அந்தச் சராசரியிலிருந்து நாளுக்கு நாள் எவ்வளவு முன்பின்னாகும் என்ற சிதறல் வேறு. நாம் சராசரியைத்தான் கேட்கிறோம். விமானத்தைத் தவறவிடுவதோ சிதறலால்.

சாலையின் சிதறல் 40 நிமிடம், கவுன்டர் வரிசையின் சிதறல் 30 நிமிடம் என்று கொள்வோம். மொத்தம் 70 என்று தோன்றும். அப்படியில்லை, 50தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டும் ஒரே நாளில் சேர்ந்து மோசமாவது அபூர்வம் என்பதால், இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கொத்தனார் மூலை மட்டம் பார்க்கும் அதே 3-4-5 கணக்கு. இதிலேயே இன்னொன்றும் தெரிகிறது. பெட்டியே இல்லாமல் போய் வரிசையை முழுக்கத் தவிர்த்தாலும் 50 என்பது 40 ஆகத்தான் குறையும். முந்தின நாளே திருவனந்தபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிச் சாலையைக் கழித்துவிட்டால் 30 ஆகிவிடும். 'மூன்று மணி நேரம் முன்னால் வாருங்கள்' என்பது விமான நிலையத்துக்கு உள்ளே நடப்பதற்கான அறிவுரை. நமக்குப் பெரிய ஆபத்து வெளியே இருக்கிறது.

பெருமழை, பண்டிகை விடுமுறை என்றால் இந்த வர்க்கக் கணக்கு செல்லாது. அன்று சாலையும் வரிசையும் சேர்ந்தே கெடும், அப்படியே 70 என்று கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை, ஐப்பசியிலும் பங்குனியிலும், சுவாமி கடலாட ஓடுபாதை வழியாகத்தான் போவார். சுமார் ஐந்து மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது. முன்கூட்டியே அறிவிப்பதால் விமான நேரங்களை மாற்றியிருப்பார்கள்.

இப்போது நாலரை மணி ஃப்ளைட்டுக்கு வருவோம். கவுன்டர் ஒரு மணி நேரம் முன்பே, மூன்றரைக்கு மூடும் என்று வையுங்கள். சாலைக்குச் சராசரி மூன்றரை மணி, வரிசைக்கு அரை மணி. பின்னோக்கிக் கழித்தால் இரவு பதினொன்றரை. அப்படிக் கிளம்பினால் பாதிக்குப் பாதி தவறிவிடும். சிதறலை இரட்டித்து 100 நிமிடம் ஒதுக்கினால் ஒன்பது ஐம்பது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவையாவது போய்ச் சேரலாம்.

இன்னும் முன்னால் போகலாமா? ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவழித்தால் தவறும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றிலிருந்து ஒன்றாகிறது என்று கொள்வோம். டிக்கெட் 25,000 ரூபாய் என்றால், அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது 500 ரூபாயை அந்த ஒரு மணி நேரம் மிச்சப்படுத்துகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரத்துக்கு 500 ரூபாய் மதிப்பு உண்டா என்பது அவரவர் தீர்மானம். ஆனால் அந்தப் பையனுக்கு விசாக் கெடு நாளையோடு முடிகிறது என்றால், தவறினால் போவது டிக்கெட் மட்டுமல்ல, இரண்டு வருஷ வேலையும்தான். அப்போது மாமா சொன்ன எட்டு மணிதான் சரியான விடை.