நிரவல்: லிப்போ பேட்டரியின் ‘பேலன்ஸ்’ தமிழில்

ரிமோட்டில் சின்ன விமானம் பறக்கவிடுகிறவர்களின் கையில் இருக்கும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பேக்கை எடுத்துப் பாருங்கள். 3எஸ், 2200 மில்லிஆம்பியர்-மணி என்று அதன் மேல் அச்சிட்டிருக்கும். சிவப்பும் கறுப்புமாகத் தடித்த இரண்டு கம்பிகள் வெளியே வரும். மோட்டாருக்குப் போகிற மின்சாரம் முழுக்க அவற்றின் வழிதான். பக்கத்திலேயே மெல்லிய நான்கு கம்பிகள் ஒரு சின்ன வெள்ளை பிளக்கில் முடியும். அதைத்தான் ‘பேலன்ஸ் லீட்’ என்கிறோம். கடைக்காரரும் “பேலன்ஸ்ல போட்டு சார்ஜ் பண்ணுங்க” என்று சொல்லித்தான் பேக்கைக் கொடுப்பார்.

இந்த பேலன்ஸுக்குத் தமிழில் என்ன சொல்? சைக்கிள் ஓட்டுகிறவருக்கு பேலன்ஸ் என்றால் சமநிலை. வங்கியில் இருப்பு. கண்டக்டர் தர வேண்டியது மீதி. இடத்துக்கு ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. அதனால் பேக்குக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவதுதான் முறை.

3எஸ் என்றால் மூன்று மின்கலங்கள் தொடராக இணைந்தவை. ஒவ்வொரு கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.20 வோல்ட். மூன்றும் சேர்ந்து 12.6. தடித்த கம்பிகளின் வழியாக மட்டும் சார்ஜ் செய்தால் சார்ஜருக்குத் தெரிவது இந்த மொத்தக் கணக்கு ஒன்றுதான். 4.20-ஐ மூன்று முறை கூட்டினாலும் 12.6தான்; 4.30, 4.20, 4.10 மூன்றையும் கூட்டினாலும் 12.6தான். சார்ஜர் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். ஆனால் 4.30-க்குப் போன கலத்துக்குள் லித்தியம் உலோகமாகவே படியத் தொடங்கும், மின்பகுளி சிதைந்து வாயுவாகும், கலத்தின் பை போன்ற உறை உப்பும். அதற்கு மேலும் போனால் தீப்பிடிக்கும். என் முதல் பேக்கை நான் பல மாதம் இப்படித்தான் சார்ஜ் செய்தேன். ஒருநாள் கையில் எடுத்தபோது ஒரு பக்கம் மெத்தென்று புடைத்திருந்தது. அளந்து பார்த்தேன்: 4.31, 4.19, 4.08. மொத்தத்தில் குறை எதுவும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் அந்த மெல்லிய கம்பிகள் எதற்கு என்று எனக்கு உறைத்தது.

கறுப்பிலிருந்து அளந்தால் அந்தக் கம்பிகள் முழு ஏற்றத்தில் 4.2, 8.4, 12.6 என்று படிப்படியாகக் காட்டும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஒவ்வொரு கலத்தின் நிலையும் தெரிந்துவிடும். கலங்கள் ஏன் வேறுபடுகின்றன? ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்தாலும் கொள்ளளவு, அகத்தடை (கலத்துக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை), சும்மா இருக்கும்போதே கசியும் அளவு என எல்லாவற்றிலும் சிறு வித்தியாசம் இருக்கும். நாள் ஆக ஆக அது வளரும்.

கார் பேட்டரியில் இந்தக் கம்பிகள் கிடையாது. ஈய-அமில பேட்டரியில் முன்னால் நிறைந்த கலம் மிச்ச மின்சாரத்தை வாயுக் குமிழாகக் கழித்துக்கொண்டு ஓரளவு தாக்குப்பிடிக்கும். பின்தங்கியது அதற்குள் வந்து சேரும். லித்தியம் கலத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. அதனால்தான் லித்தியத்தோடு சேர்ந்தே இந்தச் சொல்லும் நம் வாய்க்கு வந்தது.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘பேலன்ஸ்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலம் லத்தீனின் ‘பிலான்க்ஸ்’. ‘பி’ என்றால் இரண்டு, ‘லான்க்ஸ்’ என்றால் தட்டு. இரட்டைத் தட்டு, அதாவது தராசு. (நம் ‘தராசு’வும் பாரசீகத்திலிருந்து வந்ததுதான். ‘துலா’ வடமொழி. நமக்கே உரியது நிறைகோல்.) தராசின் வேலையைச் சொல்லத் தமிழில் பழைய சொல்லாட்சி உண்டு. “சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்” என்பது 118-ஆம் குறள். பள்ளியில் வேதிச் சமன்பாட்டைச் ‘சமன் செய்க’ என்று படித்ததும் அதன் தொடர்ச்சி. ஆகவே பேட்டரிக்குச் ‘சமன்செய்தல்’ என்று யாராவது எழுதினால் நான் மறுக்க மாட்டேன். ‘சமநிலைப்படுத்துதல்’ மட்டும் வேண்டாம். விழாமல் நிற்பது என்ற பொருளை அது உள்ளே இழுத்துவிடுகிறது.

ஆனாலும் தராசு உவமை பேக்குக்கு முழுதாகப் பொருந்தவில்லை. தராசில் தட்டு இரண்டு. ஒன்று தாழ்ந்தால் மற்றது உயரும். பேக்கில் கலங்கள் மூன்றோ நான்கோ ஆறோ இருக்கலாம். ஒன்று தாழ்வதால் இன்னொன்று உயர்வதில்லை. இங்கே நடப்பது எடைபோடுவது அல்ல, மட்டமாக்குவது.

அந்த வேலைக்கு உழவர்களிடம் சொல் இருக்கிறது: நிரவுதல். நடவுக்கு முன் சேற்று வயலில் தண்ணீர் கட்டிப் பரம்படிப்பார்கள். தண்ணீருக்கு மேலே தலைகாட்டும் இடம் மேடு, ஆழமாகத் தேங்குமிடம் பள்ளம். மேட்டு மண்ணை இழுத்துப் பள்ளத்தில் போட்டு நிரவினால்தான் எல்லா நாற்றுக்கும் ஒரே அளவு தண்ணீர் நிற்கும். நிரை, நிரம்பு, நிரப்பு எல்லாம் இதன் உறவுக்காரச் சொற்கள். அரசாங்கத் தமிழிலும் இது உயிரோடு இருக்கிறது. ஒரு பள்ளியில் உபரியாக உள்ள ஆசிரியரைப் பற்றாக்குறையுள்ள பள்ளிக்கு மாற்றுவதற்கு ‘பணி நிரவல்’ என்றுதான் பெயர். கலத்துக்குக் கலம் மின்னேற்றத்தை மட்டமாக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. மின்கல நிரவல். கம்பிக்கு நிரவுகம்பி.

இதில் இரண்டு வகை உண்டு. நாம் வாங்கும் சாதாரண சார்ஜர் உயர்ந்திருக்கும் கலத்தின் மின்சாரத்தை ஒரு மின்தடை வழியாகச் சூடாக்கி வெளியேற்றிவிடும். இதை வடித்து நிரவல் எனலாம், கஞ்சி வடிப்பது போல. வடிகிற அளவு பெரும்பாலும் சில நூறு மில்லிஆம்பியர்தான். ஒரு கலத்தில் 100 மில்லிஆம்பியர்-மணி கூடுதலாக இருந்து, சார்ஜர் 200 மில்லிஆம்பியர் வடித்தால், அதற்கே அரை மணி நேரம் ஆகும். கடைசிக் கொஞ்சத்துக்குச் சார்ஜர் அத்தனை நேரம் எடுப்பது இதனால்தான், பொறுமையிழந்து பிடுங்கிவிடாதீர்கள். இன்னொரு வகையில் மின்தேக்கி அல்லது மின்தூண்டி வழியாக உயர்ந்த கலத்திலிருந்து எடுத்துத் தாழ்ந்த கலத்துக்கே கொடுப்பார்கள். இது மாற்றி நிரவல். வயலில் நடப்பதும் பள்ளிகளுக்கிடையே நடப்பதும் இந்த வகைதான்.

சொல்லைப் பயன்படுத்தும்போது ஒன்றை மறக்கக் கூடாது. சார்ஜர் அளப்பது மின்னழுத்தத்தை. நமக்கு வேண்டியது மின்னேற்றம். மின்னோட்டம் ஓடும்போது அகத்தடை அதிகமுள்ள கலம் உள்ளதைவிட உயரமாகக் காட்டும். அதனால் நிரவலின் நம்பகமான பகுதி மின்னோட்டம் மெலிந்துவிட்ட கடைசிக் கட்டத்தில்தான் நடக்கிறது. அப்புறம், கலம் என்பது நம் மொழியில் பாத்திரமும்தான். நிரவல் எல்லாப் பாத்திரங்களையும் விளிம்புவரை நிறைக்கும். சின்னப் பாத்திரத்தைப் பெரிதாக்காது. பறக்கும்போது அந்தச் சின்னதுதான் முதலில் காலியாகும். விமானத்தை எப்போது இறக்குவது என்பதை மொத்த வோல்ட்டை வைத்து முடிவு செய்யாமல் அந்தக் கலத்தை வைத்தே முடிவு செய்யுங்கள்.

பயன்பாட்டுக் குறிப்பு எழுதுகிறவர்கள் இப்படி எழுதலாம்: “நிரவுகம்பியைச் செருகிய பிறகே சார்ஜ் செய்யத் தொடங்கவும். நிரவல் முடிந்ததும் ஒவ்வொரு கலமும் 4.20 வோல்ட் காட்டுகிறதா என்று பார்க்கவும். ஒரு கலம் ஒவ்வொரு முறையும் பின்தங்கினால் அந்த பேக்கைப் பறக்கவிட வேண்டாம்.”