சொல் விளக்கம்: அறியவொணாவாதம்

கடவுள் உண்டா இல்லையா என்று கதை தொடங்கினால் போதும், அதை அறிய முடியாது என்னும் அக்னாஸ்டிசிசத்துக்கு (agnosticism) ‘அறியாமைவாதம்’ என்றொரு தமிழ் வந்து நிற்கிறது. கட்டுரையிலும் அதுதான், மேடையிலும் அதுதான். இதை இனியாவது விட வேண்டும்.

மூலச்சொல்லை 1869இல் ஆக்கியவர் ஆங்கில உயிரியலாளர் தோமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. கிரேக்கத்தில் ‘அ’ இன்மை, ‘க்னோசிஸ்’ அறிவு. உண்டென்றோ இல்லையென்றோ அறிந்துவிட்டதாகச் சாதிக்கச் சான்று போதாது என்பது அவர் நிலை.

தமிழில் ‘அறியாமை’ குற்றத்தின் பெயர். உயிரைப் பற்றிய அழுக்காகிய ஆணவ மலம் அதன் அறிவை மறைப்பதால் வருவது அறியாமை என்பது சைவ சித்தாந்தம் படித்த எவருக்கும் தெரியும். அதோடு ‘வாதம்’ சேர்ந்தால், அறியாமையே நல்லதென்று வாதாடுபவன் என்றுதான் பொருள்படும். அறிவுக்கு எல்லை உண்டு என்று நிதானமாகச் சொல்பவனைப் பெயரிலேயே மூடனாக்குவது என்ன நியாயம்? சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற மதங்களை ஆராயும் பரபக்கத்தில், கண்ணால் காண்பதையே ஏற்கும் உலகாயதனின் கொள்கையை முதலில் எடுத்துச் சொல்லி, பிறகுதான் மறுக்கிறார்கள். அந்த மரபில் வந்த நாங்கள் எதிர்வாதிக்கு இழிபெயர் சூட்டலாமா?

‘ஐயவாதம்’ என்பாரும் உண்டு. ஐயம் தீரக்கூடியது, ‘ஐயந்திரிபற’ என்கிறோமே. இவர்களோ தீராது என்கிறார்கள். ‘நாத்திகம்’ இன்னும் பொருந்தாது. ‘ந அஸ்தி’, இல்லை என்று துணிவது அது. பழைய வழக்கில் வேதத்தை ஏற்காதவனே நாத்திகன். அதனால்தான் சமணரும் பௌத்தரும் அதற்குள் அடங்க, வேதத்தை ஏற்றும் படைப்புக் கடவுளை ஏற்காத மீமாம்சைத் தத்துவம் ஆத்திகப் பக்கம் நின்றது.

‘அறியவொணாவாதம்’ சரியான சொல். ஒணா என்றால் இயலாத. ‘இவனிறைவன் என்றெழுதிக் காட்டொணாதே’ என்று அப்பரே பாடியிருக்கிறார். பக்தரின் வாயிலும் வந்த சொல். இழிவு துளியும் இல்லை.

எங்கள் பேச்சில் இந்த நிலை புதிதுமல்ல. ‘இருக்கிறாரோ இல்லையோ, ஆர் கண்டது?’ என்று கேட்டுவிட்டு நெற்றியில் திருநீறு பூசுபவர் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார். காணாமற்போன பிள்ளைக்காக நல்லூர்க் கோயிலில் நேர்த்தி வைக்கும் தாய் கடவுளை நிரூபிக்க வரவில்லை; நம்பாமல் அவளால் இருக்க முடியாது. அறிவு வேறு, நம்பிக்கை வேறு. இரண்டையும் குழப்புவதால்தான் கோயிலுக்கு வராதவன் எல்லாரும் நாத்திகன் ஆகிறான்.

மொழிபெயர்ப்பவர் முதலில் மூலம் எதைப் பேசுகிறது என்று பார்க்க வேண்டும். ‘இல்லை’ என்று துணிந்தால் இறைமறுப்பு. ‘அறிய முடியாது’ என்றால் அறியவொணாவாதம். அப்படிச் சொல்பவர் அறியவொணாவாதி. அவர் நம்புகிறாரா இல்லையா என்று மூலம் சொல்லாவிட்டால் மொழிபெயர்ப்பும் சொல்லக் கூடாது.