பவளத்துக்கு ஏன் நீல விளக்கு?

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். பளிச்சென்று வெள்ளை எல்இடி போட்டும், பச்சையாக ஜொலித்த பவளம் பழுப்பாகிவிட்டது. கடைக்காரர் நீல விளக்கு வாங்கச் சொல்கிறார். என் தலையில் கட்டப் பார்க்கிறாரா?"

இல்லை, அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

பவளம் விலங்குதான். ஆனால் அதன் திசுவுக்குள் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. ஒளிச்சேர்க்கையில் செய்யும் உணவில் பெரும்பங்கை வாடகையாகத் தந்துவிடுகின்றன. ஆக, விளக்கு பாசிக்குத்தான். வெளிச்சம் போதாவிட்டால் பாசி நிறமியைக் கூட்டிக்கொள்ளும்; பவளம் பழுப்பாகத் தெரியும். நைட்ரேட் ஏறினாலும் இப்படி ஆகலாம், அதையும் சோதித்துவிடுங்கள்.

பளிச்சென்று இருக்கிறதே என்றால், அது உங்கள் கண் சொல்வது. நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளிதான் மிகப் பிரகாசம். 450 நானோமீட்டர் நீலத்தை அதில் சுமார் 4 சதவீதமாகத்தான் உணர்கிறது. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரும் கண்ணைப் பார்த்துச் செய்ததுதான். கடலிலோ சிவப்பு ஒளி முதல் சில மீட்டர்களிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும், நீலம்தான் ஆழம் வரை போகும். பாசியின் நிறமிகளும் அந்த நீலத்தை நன்றாகப் பிடிக்கும்.

இதில் எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இரவில் வெள்ளையை அணைத்து, நீலத்தை மட்டும் எரியவிட்டு, மஞ்சள் கண்ணாடி வழியாக ஒரு பாலிப்பை (பவளக் கூட்டத்தில் ஒரு தனி உயிரை) பாருங்கள். வாயைச் சுற்றிப் பச்சை வளையம் தெரியலாம், சில இனங்களில் ஆரஞ்சும். அது ஒளிர்புரதத்தின் வேலை. பீப்பாய் போன்ற அந்தப் புரதத்தின் நடுவில் மூன்று அமினோ அமிலங்கள் தாமாகவே வளைந்து பிணைந்து நிறமியாகின்றன. அது ஒரு நீல போட்டானை (ஒளித்துகளை) வாங்கி, ஆற்றலில் கொஞ்சத்தை வெப்பமாக விட்டுவிட்டு, மிச்சத்தைப் பச்சை போட்டானாக வெளியே விடுகிறது. ஆற்றல் குறைந்துதான் போகிறது. ஆனாலும் 520 நானோமீட்டர் பச்சைக்கு நம் கண் 450-ஐவிட சுமார் 18 மடங்கு கூர்மை என்பதால், விளக்கைவிடப் பவளம் பிரகாசமாகத் தெரிகிறது!

இதெல்லாம் நமக்காக இல்லை. ஆழத்தில் கிடைக்கும் நீலத்தை மேல்வரிசைப் பாசிகளே பிடித்துக்கொள்கின்றன. ஒளிர்புரதம் நீலத்தை மாற்றித் தரும் ஆரஞ்சு ஒளியை அவை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அது திசுவுக்குள் ஊடுருவி, உள்ளே இருக்கும் பாசிகளை எட்டுகிறது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று தொட்டியிலேயே ஆழ்கடல் நீலத்தை உண்டாக்கிச் சோதித்து, நீலத்தை ஆரஞ்சு-சிவப்பாக மாற்றும் புரதமுள்ள பவளங்கள் அங்கே அதிக காலம் தாக்குப்பிடிப்பதை 2017-ல் வெளியிட்டது. ஆழமில்லாத நீரிலோ இப்புரதங்களில் பல வெயிலுக்குக் குடை பிடிக்கின்றன.

செவ்வாயின் கதிரை ஈர்க்கும் என்று மோதிரத்தில் பதிக்கிறார்களே, அந்தச் செம்பவளம் வேறு இனம். மத்தியதரைக் கடலின் மங்கலான குகைகளில், பாசியே இல்லாமல், மிதந்துவரும் இரையைத் தின்று வாழ்வது. உயிரோடு இருந்தபோது சூரியனையே நம்பாத ஜந்து, செத்த பிறகு செவ்வாயையா நம்பப்போகிறது?

சரி, விளக்குக்கு வருவோம். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை அளக்கும் 'பார்' (PAR) மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, பவளம் இருக்கும் இடத்திலேயே வைத்து அளந்து பாருங்கள். மீட்டர் காட்டும் எண் மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரை, அக்ரோபோரா போன்ற கடின பவளங்களுக்கு 200 முதல் 400 வரை இருந்தால் பொதுவாகப் போதும். நண்பகல் வெயில் சுமார் 2000. (இதைப் படித்துவிட்டு மன்னார் வளைகுடாவில் பவளம் எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள்; கடின பவளங்கள் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை.)

புது விளக்கை முதல் நாளே முழு வீச்சில் எரியவிட வேண்டாம். பழுப்பான பவளத்தில் நிறமி மிகுந்திருக்கிறது. திடீரென ஒளி கூடினால் பாசி தாங்காமல் வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜனை உமிழும், பவளம் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். கால்வாசியில் தொடங்கி, ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்ல ஏற்றுங்கள். தினம் 8 முதல் 10 மணி நேரம் எரிந்தால் போதும். எங்காவது வெளுக்கத் தொடங்கினால் ஒளியைக் குறைத்துவிடுங்கள், அல்லது பவளத்தைக் கீழே மணலுக்கு இறக்கி வையுங்கள்.