புதிய மேலாளரும் பழைய மண்டோரும்

மலேசியாவின் பஹாவ் வட்டாரத்துத் தோட்டங்களுக்கும் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் பணியாளர் விவகாரங்களில் ஆலோசனை சொல்வது என் தொழில். புதிதாகப் பொறுப்பேற்கும் மேலாளர்கள் வந்த சில வாரங்களிலேயே கேட்பது பெரும்பாலும் இதுதான்: "சார், இந்தப் பழைய ஆளை எப்படி அனுப்புவது?"

அவர் என்ன செய்தார் என்று திருப்பிக் கேட்பேன். "சொன்னால் கேட்பதில்லை", "எல்லாவற்றுக்கும் எதிர்ப்பேச்சு" என்பார்கள். தேதி, சம்பவம், எழுத்தில் ஏதாவது உண்டா என்றால் பதில் வராது. முகம் கொடுக்காமல் பேசுவது வேறு, கடமை தவறுவது வேறு. முன்னதற்குத் தேவை பேச்சு. பின்னதற்குத்தான் நடவடிக்கை.

ஓர் ஆலையின் ஸ்டோரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர் ஒருவர். உதிரிபாகங்களின் கணக்கைத் தம் கையெழுத்தில் தடித்த நோட்டில் வைத்திருந்தார். எந்த பேரிங் எந்த அலமாரியில் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். கணினியில் பதியச் சொன்ன புதிய மேலாளர், வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டும் காலைப் பெரட்டில் எல்லார் முன்னிலும் அவரைக் கடிந்துகொண்டார். மறுநாளிலிருந்து யார் எதைக் கேட்டாலும் "கணினியைக் கேளுங்கள்" என்ற பதில்தான். அவருடைய கீழ்ப்படியாமையைவிட அந்த அவமானத்தையே நான் பெரிதாகப் பார்த்தேன். நோட்டு போய்விட்டால் தம் மதிப்பும் போய்விடும் என்ற பயமும் அதில் இருந்தது.

மேலாளரைத் தனியாக ஸ்டோருக்கே போகச் சொன்னேன். போனார். "அண்ணே, இந்த நோட்டு இல்லாமல் என்னால் கணக்கைப் புரிந்துகொள்ள முடியாது. நீங்கள் சொல்லச் சொல்லக் கிராணி (எழுத்தர்) பதியட்டும், சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு" என்றார். பெரியவர் உடனே உருகிவிடவில்லை. ஆனாலும் வேலை நகர்ந்தது. வயதில் மூத்தவரை அண்ணே என்று அழைப்பதால் அதிகாரம் குறைந்துவிடாது; ஊருக்கு முன் அவரைக் குறைத்துப் பேசினால் நிச்சயம் குறையும்.

பேசியும் திருந்தாதவர்கள் உண்டு. அங்கே பலர் குறுக்குவழி தேடுகிறார்கள். ஆட்களை மேற்பார்க்கும் மண்டோரைப் புல்வெட்டும் வேலைக்கு இறக்குவது, தொலைவிலுள்ள பிரிவுக்கு மாற்றுவது, தாமாகவே போகட்டும் என்று காத்திருப்பது. இது எனக்குக் கோபமூட்டும் வழக்கம். மனிதத்தன்மை இல்லாதது என்பது ஒருபுறம், ஆபத்தானதும்கூட. ஒப்பந்தத்தின் அடிப்படையையே முதலாளி உடைத்து, அதனால் தொழிலாளி விலக நேர்ந்தால், அதையும் பணிநீக்கமாகவே தொழிலியல் நீதிமன்றம் கருதலாம். 1967 தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி, தக்க காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர் 60 நாட்களுக்குள் முறையிடலாம். "ஆள் பிரச்சினைக்காரர்" என்ற வாய்ச்சொல் அங்கே எடுபடாது.

குற்றம் உண்மையிலேயே இருந்தால் விளக்கம் கோரும் கடிதம் கொடுங்கள். பதிலளிக்க நியாயமான அவகாசம் தந்து, பிறகு உள்விசாரணை நடத்துங்கள். விசாரணைக்காக இடைநீக்கம் செய்தால், 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி அது 2 வாரத்தைத் தாண்டக்கூடாது. அந்த நாட்களுக்குக் குறைந்தது பாதிச் சம்பளம் தரவேண்டும். குற்றம் நிரூபணமாகாவிட்டால் மீதியையும் கொடுத்துவிட வேண்டும். புகார் சொன்னவரையே விசாரணைக் குழுவில் உட்கார வைக்காதீர்கள். இதை எத்தனையோ இடங்களில் சொல்லிவிட்டேன், இன்னும் நடக்கிறது.

முந்தைய நிர்வாகம் கண்டும் காணாமல் விட்டதை நீங்கள் வந்த மறுநாளே குற்றமாக்குவதும் சரியில்லை. இனி என்ன எதிர்பார்க்கிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து என்று முதலில் அறிவியுங்கள். அதற்குப் பிறகும் மீறினால்தான் எச்சரிக்கை.

அந்தக் கடிதங்களை ஆங்கிலத்தில் மட்டும் கொடுக்காதீர்கள். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர், தம்மீதான குற்றச்சாட்டை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் நிலை வரக்கூடாது. தமிழிலோ மலாயிலோ எழுதி, வாசித்துக் காட்டி, ஒரு பிரதியைக் கையில் கொடுங்கள். தொழிற்சங்கப் பிரதிநிதி உடனிருக்க வேண்டும் என்று அவர் கேட்டால், மறுக்காமல் நாற்காலி போடுங்கள்.